‘பேராசை’ என்ற சொல் யாருக்கு உதவுகிறது?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இப்போது ஆண்டுதோறும் தவறாமல் நடைபெறும் நிகழ்ச்சிகளுள் ஒன்று, இணையக் குற்ற விழிப்புணர்வுக் கருத்தரங்கம். காவல்துறையிலிருந்தோ வங்கியிலிருந்தோ ஓர் அதிகாரி வருகிறார். போலி முதலீட்டுச் செயலிகளின் படங்கள் திரையில் ஓடுகின்றன. யார் எவ்வளவு இழந்தார் என்று சொல்லப்படும்போது அரங்கில் சிறு சிரிப்பும் எழுகிறது. இறுதியில், எந்த மாநிலமானாலும் எந்த மொழியானாலும், ஒரே பொருளுடைய வாக்கியம் வந்து சேர்கிறது. தமிழில் அது ‘பேராசை பெருநட்டம்’. நன்றியுரை கூறும் பேராசிரியரும் அதையே வழிமொழிகிறார். தேநீருடன் கூட்டம் கலைகிறது.

அந்த வாக்கியத்துக்கு எதிராகவே இந்தப் பதிவு. அது உண்மைநிலையை விளக்கவில்லை என்பது என் முதல் வாதம். அது மோசடிக்காரர்களுக்கு நேரடியாகப் பயன்படுகிறது என்பது இரண்டாவது வாதம், முதன்மையானதும் அதுவே. பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வது, நாம் கற்ற ஆய்வுமுறைக்கே இழைக்கும் துரோகம் என்பது மூன்றாவது.

1

முதலில் எண்களைப் பார்ப்போம். இணைய நிதி மோசடிகளால் இந்தியர்கள் இழந்த தொகை 2023இல் சுமார் 7,465 கோடி ரூபாய். 2024இல் சுமார் 22,845 கோடி ரூபாய். இவை ஒன்றிய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் அளித்த எண்கள். ஒரே ஆண்டில் மும்மடங்கு. பேராசைதான் காரணம் என்றால், பன்னிரண்டே மாதங்களில் இந்தியர்களின் பேராசை மும்மடங்காகிவிட்டது என்று நாம் நம்பவேண்டும். மனித இயல்பு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. மாறியவை வேறு: மோசடியின் தொழில்நுட்பம், அதன் முதலீடு, அதன் ஆள்பலம், விளம்பரம் வழியாக ஆளைக் கண்டடையும் அதன் திறன். ஒரு மாறிலியைக் கொண்டு ஒரு மாற்றத்தை விளக்க முடியாது என்பது முதலாண்டு ஆய்வு முறையியல் வகுப்பில் நாம் கற்றுக்கொடுக்கும் பாடம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கு மாதங்களுக்கு இந்திய இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் வெளியிட்ட விவரப்படி, பங்கு வர்த்தக மோசடிகளில் மட்டும் 20,043 புகார்களில் சுமார் 1,420 கோடி ரூபாய் பறிபோனது. சராசரியாக ஒரு புகாருக்கு ஏழு லட்சம். அதே காலத்தில் ‘டிஜிட்டல் கைது’ மோசடிகளில் போனது சுமார் 120 கோடி. நாளிதழ்களின் தலைப்பில் பெரும்பாலும் இடம்பெறுவது டிஜிட்டல் கைது. அச்சமூட்டிப் பறிப்பது செய்தியாகிறது. நம்பிக்கையூட்டிப் பறிப்பது அதைவிடப் பன்னிரண்டு மடங்கு பெரிதாக இருந்தும் செய்தியாவதில்லை. ஏன்? முன்னதில் இழந்தவர் மீது நமக்கு இரக்கம் வருகிறது. பின்னதில் இழந்தவரை நாம் உள்ளூர ஏளனம் செய்கிறோம். ‘பேராசை’ என்ற ஒற்றைச் சொல் அந்த ஏளனத்துக்கு உரிமம் வழங்குகிறது.

2

இந்த மோசடியின் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால், கல்வியாளர்களாகிய நமக்கு வேறொரு காரணத்தாலும் கோபம் வரவேண்டும். அது நம் வகுப்பறையைத் திருடி நடத்தப்படும் மோசடி.

ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு விளம்பரம் வருகிறது. பெரும்பாலும் அதில் நாடறிந்த ஒருவரின் போலிக் காணொலி இருக்கும். தேசியப் பங்குச் சந்தையும் மும்பை பங்குச் சந்தையும் தத்தம் தலைமை நிர்வாகிகளின் முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்கிய காணொலிகள் உலவுவதாக 2024 ஏப்ரலில் எச்சரித்தன. அதே ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி தன் ஆளுநரின் பெயரால் வந்த போலிக் காணொலிகளைப் பற்றி எச்சரித்தது. விளம்பரத்தை அழுத்தினால் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்படுகிறீர்கள். அங்கே பணம் கேட்கப்படுவதில்லை. பாடம் நடத்தப்படுகிறது.

அக்குழுக்களை நடத்துபவருக்குப் பெரும்பாலும் ‘புரொஃபசர்’ என்ற பட்டம் சூட்டப்பட்டிருக்கும். அவருக்கு ஓர் உதவியாளர் உண்டு. வருகைப்பதிவு எடுப்பார், ஐயங்களைத் தீர்ப்பார், வீட்டுப்பாடம் கேட்பார். நாள்தோறும் குறித்த நேரத்தில் வகுப்பு. விலை வரைபடத்தை எப்படிப் படிப்பது, நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையை எப்படி நோக்குவது எனப் பல நாட்கள், சில வேளை பல வாரங்கள். பாடங்களில் பெரும்பகுதி உண்மையானதே. எங்கிருந்தோ எடுத்துத் தொகுத்தது. குழுவில் இருக்கும் நூறு பேரில் பெரும்பாலோர் மோசடிக் கும்பலின் ஆட்கள். அவர்கள் நன்றி கூறுவார்கள், இலாபத்தின் திரைப்படத்தை இடுவார்கள், சில வேளை நட்டத்தையும் ஒப்புக்கொள்வார்கள். அந்த ஒப்புதல்தான் மற்ற அனைத்தையும் நம்பச் செய்கிறது.

பிறகு ஒரு செயலி. அதில் நீங்கள் இட்ட சிறுதொகை வளர்கிறது. கொஞ்சம் எடுத்துப் பார்க்கிறீர்கள். உண்மையாகவே உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்கிறது. சோதித்துப் பார்த்து நம்பியிருக்கிறீர்கள். அடுத்து, நிறுவன முதலீட்டாளர்களுக்கு மட்டுமே கிட்டும் ஒதுக்கீடு, புதிய பங்கு வெளியீட்டில் உறுதியான இடம். ‘உங்களுக்குப் பெருமளவு பங்குகள் ஒதுக்கப்பட்டுவிட்டன, மீதித் தொகையை இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் கணக்கு முடக்கப்படும்’ என்ற நெருக்கடி. கடைசியாக, பணத்தை எடுக்க முனைந்தால் அதற்கு வரி, தரகு, சரிபார்ப்புக் கட்டணம். திரையில் கோடிகள் தெரிகின்றன. எடுப்பதற்கு இன்னும் இரண்டு லட்சம் கட்டவேண்டும்.

இதில் பேராசை எந்தக் கட்டத்தில் நுழைகிறது? ஆசிரியர் என்ற பட்டத்துக்குத் தரப்பட்ட மதிப்பு, ஒழுங்காக நடந்த வகுப்பின் மீது எழுந்த நம்பிக்கை, சிறுதொகையில் சோதித்துப் பார்த்த முன்னெச்சரிக்கை, உடன் பயில்வோரின் சான்று. இவையெல்லாம் நாம் நம் மாணவர்களிடம் போற்றி வளர்க்கும் பண்புகள். படித்தவர்கள் ஏமாறுகிறார்கள் என்று வியப்பவர்கள், படித்தவர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட பொறி இது என்பதைக் கவனிப்பதில்லை. அறிவு ஒரு காப்பு என்றால் ஐசக் நியூட்டன் தப்பித்திருக்கவேண்டும். அரசு நாணயச் சாலையின் தலைவராக இருந்த அவர், 1720இல் தென்கடல் நிறுவனப் பங்குகளை முதலில் இலாபத்துடன் விற்று வெளியேறினார். விலை மேலும் ஏறுவதைக் கண்டு மீண்டும் நுழைந்து பெருந்தொகையை இழந்தார். அதனால் அவருடைய இயற்பியலை யாரும் ஐயுறவில்லை.

3

‘ஆயினும் விரைவில் பணக்காரராகும் ஆசை இருந்ததால்தானே அந்த விளம்பரத்தை அழுத்தினார்?’ என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையாகவே விடையளிக்கவேண்டும்.

ஆசை இருந்தது. ஆனால் அந்த ஆசையை ஊட்டியவர்கள் யார்? சேமிப்புக் கணக்கில் பணத்தை வைத்திருப்பது அறியாமை என்று பத்தாண்டுகளாக இந்த நாட்டின் நடுத்தர வர்க்கத்துக்குப் பாடம் நடத்தப்பட்டு வருகிறது. ஓய்வூதியம் சந்தையோடு இணைக்கப்பட்டது. மருத்துவமும் பிள்ளைகளின் கல்வியும் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போயின. முதலீடு செய்வது குடிமக்களின் பொறுப்பு என்று தொலைக்காட்சியும் செயலிகளும் ஓயாமல் ஓதின. அந்த அறிவுரையைக் கேட்டு முதலீடு செய்யக் கிளம்பியவர் உண்மையான கதவைத் தட்டினால் விவேகி, அதே போலத் தோன்றும் போலிக் கதவைத் தட்டினால் பேராசைக்காரர். கதவுகளுக்கிடையேயான வேறுபாட்டை அவருக்குக் கற்பித்தவர் எவருமில்லை.

உண்மையான பேராசையைப் பற்றித்தான் கவலை என்றால், சட்டபூர்வச் சந்தையையும் பார்க்கவேண்டும். 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குகளின் முன்பேர, விருப்ப ஒப்பந்த வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் என்றும், அவர்களுடைய மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்ட இழப்பு அது. ‘பேராசை’ என்று அதற்கு எதிராகக் கருத்தரங்கம் நடத்தப்படுவது அரிது. பல கல்லூரிகளில் அந்த வணிகத்துக்குப் பயிற்சிப் பட்டறைதான் நடக்கிறது. ஆக, நம் சமூகம் பேராசையைக் கண்டிக்கவில்லை. தோற்றவரைக் கண்டிக்கிறது.

4

இப்போது முதன்மையான வாதத்துக்கு வருகிறேன். அச்சொல் மோசடிக்காரருக்கு எப்படி உதவுகிறது?

நீங்கள் அனுப்பிய பணம் ஒரே இடத்தில் தங்குவதில்லை. முதலில் ஒரு ‘மியூல்’ கணக்கு. கோவேறு கழுதையின் முதுகில் மூட்டையை ஏற்றுவது போல, வேறொருவர் பெயரில் இருக்கும் கணக்கின் மீது திருட்டுப் பணம் ஏற்றப்படுகிறது. அதனால்தான் இந்தப் பெயர். அங்கிருந்து பத்துக் கணக்குகளுக்குப் பிரிகிறது. அவற்றிலிருந்து இன்னும் பல கணக்குகள். பிறகு ரொக்கமாக எடுக்கப்படுகிறது அல்லது கிரிப்டோ நாணயமாக மாறி நாட்டைவிட்டு வெளியேறுகிறது. இந்தப் பயணத்துக்கு நாட்கள் தேவையில்லை; பல வேளைகளில் நிமிடங்களே போதும். பணம் வங்கி அமைப்புக்குள் இருக்கும் வரைதான் அதைத் தடுத்து நிறுத்த முடியும்.

அதற்காகவே 1930 என்ற உதவி எண் இருக்கிறது. புகார் பதிவானவுடன், பணம் சென்ற கணக்கின் வங்கிக்குத் தகவல் போய், அங்கே எஞ்சியிருக்கும் தொகை நிறுத்திவைக்கப்படுகிறது. 2021இல் இந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்து 17.82 லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்களில் 5,489 கோடி ரூபாய்க்கு மேல் காப்பாற்றப்பட்டதாக 2025 ஜூலையில் அரசு தெரிவித்தது. போதாது, ஆனாலும் பொருட்படுத்தத்தக்க தொகை. இந்த ஏற்பாடு முழுவதும் ஒன்றே ஒன்றைச் சார்ந்திருக்கிறது: இழந்தவர் உடனே வாய் திறக்கவேண்டும்.

அவர் ஏன் திறப்பதில்லை? மனைவிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார், துறையில் தெரிந்தால் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது, மாணவர்கள் சிரிப்பார்களே என்ற நாணம். காவல் நிலையத்தில் முதற்கேள்வியே ‘படித்தவர்தானே நீங்கள்?’ என்று வரும் என்ற அச்சம். அந்த நாணத்துடன் ஓர் இரவைக் கழிக்கிறார். அந்த ஓர் இரவில் பணம் போய்விடுகிறது. சிலர் அதைவிடக் கொடிதாக, யாருக்கும் தெரியாமல் இழந்ததை மீட்டுவிடலாம் என்று அதே செயலியில் மேலும் பணம் கட்டுகிறார்கள். இன்னும் சிலரை, ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று இணையத்தில் வரும் இரண்டாவது கும்பல் கவ்வுகிறது. சட்டத்தரணி, இணையக் காவல் அதிகாரி என்றெல்லாம் வேடமிட்டு வரும் அக்கும்பலின் முழு வணிகமும் பாதிக்கப்பட்டவரின் மௌனத்தின் மீதே நிற்கிறது. உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

மோசடிக்காரர் தம் திட்டத்தில் எதிர்பார்க்கும் மௌனத்தை, அவரிடம் ஒரு காசும் வாங்காமல் நாம் உற்பத்தி செய்து கொடுக்கிறோம். கருத்தரங்கில் ‘பேராசை பெருநட்டம்’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும், அரங்கின் பின்வரிசையில் அப்போது ஒரு போலிச் செயலியில் பணத்தைச் சிக்கவைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒருவரிடம், ‘எழுந்து சொல்லாதே’ என்று கட்டளையிடுகிறோம்.

5

அச்சொல்லின் இரண்டாவது பயன், பொறுப்பேற்க வேண்டிய மற்றவர்களைக் காட்சியிலிருந்து மறைப்பது.

விளம்பரம் இல்லாமல் இந்த மோசடி இல்லை. அந்த விளம்பரத்துக்குக் கட்டணம் வாங்கியவர் யார்? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்தின் உள் ஆவணங்களை ஆராய்ந்து 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. 2024ஆம் ஆண்டு வருவாயில் ஏறத்தாழ பத்து விழுக்காடு, அதாவது சுமார் 1,600 கோடி டாலர், மோசடிகளுக்கும் தடைசெய்யப்பட்ட பொருட்களுக்குமான விளம்பரங்களிலிருந்து வரும் என்று அந்நிறுவனமே உள்ளுக்குள் கணித்திருந்தது என்கிறது அச்செய்தி. ஒரு விளம்பரதாரர் மோசடி செய்கிறார் என்று குறைந்தது 95 விழுக்காடு உறுதியானால்தான் அவரை நீக்கும் விதி இருந்தது என்றும், ஐயம் இருந்தும் அந்த அளவு உறுதி இல்லையென்றால் கூடுதல் கட்டணம் வசூலிக்கப்பட்டது என்றும் அச்செய்தி சொல்கிறது. அந்தக் கணிப்பு தோராயமானது, மிகைப்படுத்தியது என்று நிறுவனம் மறுத்தது. மறுப்பையும் சேர்த்தே படியுங்கள். படித்தபின் ஒரு கேள்வி: தனக்கு வந்த ஒரு விளம்பரத்தை ஐயுறாத ஓய்வுபெற்ற ஆசிரியரைப் பேராசைக்காரர் என்கிறோமே, அதை ஐயுற்றும் கட்டணம் வாங்கிக்கொண்டு அவருடைய திரைக்கு அனுப்பிய நிறுவனத்தை என்னவென்று அழைப்பது?

நம் சட்டமும் இந்தச் சாய்வைக் கொண்டிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிறர் இடும் உள்ளடக்கத்துக்குத் தளங்கள் பொறுப்பாகாமல், சில நிபந்தனைகளுடன் காக்கிறது. பயனர் இடும் பதிவுக்கு அந்தக் காப்பு நியாயமே. கருத்துரிமைக்கு அது தேவை. காசு வாங்கிக்கொண்டு, யாருக்குக் காட்டுவது என்று தானே தேர்ந்து காட்டும் விளம்பரத்துக்கும் அதே காப்பு ஏன்? மறுபக்கம், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிமாற்றங்களில் அவருடைய இழப்பை வரம்புக்குள் கட்டுப்படுத்துகிறது. ஏமாற்றப்பட்டு அவரே அனுப்பிய பணத்துக்கு அதில் இடமில்லை. திருடன் உங்கள் கடவுச்சொல்லைத் திருடினால் நீங்கள் பாதிக்கப்பட்டவர். உங்கள் நம்பிக்கையைத் திருடினால் குற்றம் உங்களுடையது.

வேறு நாடுகள் இந்த வேறுபாட்டைக் கைவிடத் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு வாடிக்கையாளரே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை திருப்பித்தர வேண்டும். செலவை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதியாக ஏற்கவேண்டும். ஆஸ்திரேலியா 2025 பிப்ரவரியில் நிறைவேற்றிய சட்டம், வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், சமூக ஊடகத் தளங்கள் ஆகியவற்றின் மீது மோசடியைத் தடுக்கும் கடமையைச் சுமத்தவும், தவறினால் ஐந்து கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை தண்டம் விதிக்கவும் வழிசெய்கிறது. ‘பணத்தைத் திருப்பித் தந்தால் மக்கள் கவனமற்றவர்களாகிவிடுவார்கள்’ என்பார்கள். அதற்கும் பிரிட்டனில் விடை இருக்கிறது: மிகக் கடுமையான அலட்சியம் நிரூபிக்கப்பட்டால் திருப்பித்தரத் தேவையில்லை. நிரூபிக்கும் சுமை வங்கிக்கு. இழப்பு தங்கள் கணக்கில் விழும் என்றால், மியூல் கணக்குகளைக் கண்டுபிடிக்கும் அக்கறை வங்கிகளுக்குத் தானாகவே கூடும்.

6

இனி நம் வளாகங்கள். இந்த மோசடித் தொழிலுக்கு மாணவர்கள் இரு முனைகளிலும் தேவைப்படுகிறார்கள்.

முதல் முனையில் இரையாக. இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். மாதக்கணக்கில் தாமதமாகி வரும். அதுவும் இல்லாத ஆய்வாளர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் கிடைப்பது, பத்தாண்டுக்கும் மேலாக மாறாத 8,000 ரூபாய். விடுதியில் உணவுக் கட்டணம் கட்டாத நிலையில் டெலிகிராமில் ஒரு பகுதிநேர வேலை வருகிறது: யூடியூப் காணொலிக்கு விருப்பக்குறி இடுக, கூகுள் வரைபடத்தில் ஓட்டலுக்கு மதிப்பெண் இடுக. முதல் நாள் 150 ரூபாய் வருகிறது. மூன்றாம் நாள், முன்பணம் கட்டினால் கூடுதல் இலாபமுள்ள ‘டாஸ்க்’. இந்த வகை மோசடிக்காகவே இயங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் அரசு முடக்கியது. உதவித்தொகை வராமல் இதில் சிக்கிய ஆய்வாளரைப் பார்த்துப் ‘பேராசை’ என்று சொல்ல, முறைப்படி ஊதியம் பெறும் எவருக்கும் நா எழக்கூடாது.

மறுமுனையில் கருவியாக. ‘உன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடு, சில ஆயிரம் தருகிறேன்’ என்று நண்பரின் நண்பர் கேட்கிறார். சும்மா கிடக்கும் கணக்குதானே என்று கொடுத்துவிடுகிறார்கள். சில வாரங்களில் வேறொரு மாநிலத்துக் காவல்துறை விடுதி வாசலில் நிற்கிறது. கணக்கு முடக்கம், பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் ஏமாற்று வழக்கு, தொலைதூர நீதிமன்றத்துக்கு அலைச்சல், கடவுச்சீட்டுக்கும் அரசுப் பணிக்கும் தடை. அந்தச் சில ஆயிரத்துக்காக ஒரு வாழ்க்கையே அடகு போகிறது. பாதிக்கப்பட்டவரின் பக்கம் மட்டுமே பேசும் கருத்தரங்குகள், அரங்கில் அமர்ந்திருக்கும் மாணவருக்கு உண்மையில் மிகவும் தேவைப்படும் இந்த எச்சரிக்கையைச் சொல்வதே இல்லை. வங்கிக் கணக்கையோ சிம்மையோ எவருக்கும் எக்காரணம் கொண்டும் வாடகைக்குத் தராதீர்கள். ஏற்கெனவே தந்திருந்தால், காவல்துறை வரும்வரை காத்திராமல் இன்றே வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து முடக்குங்கள். பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தை நாடுங்கள்.

மூன்றாவதாக ஒரு முனையும் உண்டு. மேற்சொன்ன நான்கு மாதப் புகார்களில் ஏறத்தாழ 46 விழுக்காடு கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளிலிருந்து இயக்கப்பட்டவை என்றது ஒருங்கிணைப்பு மையம். அங்கே மதிலுக்குள் அடைபட்டு, கடவுச்சீட்டு பறிக்கப்பட்டு, அடியுதை பட்டு நமக்குச் செய்தி தட்டுபவர்களில் நம் இளைஞர்களும் இருக்கிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போனவர்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இவ்வாறு கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. 2025 மார்ச்சில் இரண்டே நாட்களில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் அழைத்துவந்தன. ஆள்கடத்தல், கட்டாய உழைப்பு, செயற்கை நுண்ணறிவு, விளம்பரச் சந்தை, வங்கி அமைப்பின் ஓட்டைகள் எனக் கண்டம் தாண்டி இயங்கும் ஒரு தொழிலுக்கு எதிராக நம் கையில் இருப்பது ஒரு பழமொழி.

7

அப்படியானால் தனிமனிதர் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதற்கு ஒழுக்க உபதேசம் வேண்டாம், சரிபார்ப்பு முறை வேண்டும். ஆய்வாளர்களுக்கு அது பழகிய முறைதான்: ஒரு மூலத்தின் நம்பகத்தன்மையை அந்த மூலத்தைக் கொண்டே சோதிக்கக் கூடாது. செயலி காட்டும் இலாபம், குழு தரும் சான்று, அவர்கள் அனுப்பும் பதிவுச் சான்றிதழ் எல்லாம் ஒரே மூலம். வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டும். அது இந்தியாவில் எளிதாகக் கிடைக்கிறது.

பங்கு வாங்கினால் அது உங்கள் டிமேட் கணக்கில் மறு வணிக நாளுக்குள் வந்து சேரவேண்டும். 2023 ஜனவரி முதல் அதுவே நடைமுறை. டிமேட் கணக்குகளைப் பேணுபவை என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்ற இரண்டே நிறுவனங்கள். அவற்றின் தளத்தில் நீங்களே நேரடியாக நுழைந்து பாருங்கள். அங்கே இல்லாத பங்கு உலகில் எங்குமே இல்லை. இந்த ஒரு சோதனை போதும், பெரும்பாலான போலிச் செயலிகள் அதே நிமிடத்தில் வெளுத்துவிடும்.

முதலீட்டு ஆலோசகர், ஆய்வாளர், தரகர் எவராயினும் செபியில் பதிவு பெற்றிருக்கவேண்டும். பதிவு எண்ணை அவர்களிடம் கேட்டு நிறைவடையாதீர்கள். உண்மையான நிறுவனத்தின் எண்ணையே திருடிக் காட்டுவார்கள். செபி தளத்திலுள்ள பட்டியலைத் திறந்து, அங்கே தரப்பட்ட தொலைபேசி எண்ணில் நீங்கள் அழைத்துக் கேளுங்கள். பணம் தனிநபர் கணக்குக்கோ, பெயரே தெரியாத வணிக நிறுவனத்தின் நடப்புக் கணக்குக்கோ போகச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். 2025 அக்டோபர் முதல் பதிவு பெற்ற நிறுவனங்களுக்குத் தனி யூபிஐ முகவரி உண்டு. அதில் ‘வேலிட்’ என்ற சொல்லை அடுத்து வங்கியின் பெயர் இருக்கும், பச்சை முக்கோணத்துள் வெண்ணிறக் கட்டைவிரல் தோன்றும். ‘செபி செக்’ வசதியில் கணக்கு எண்ணையும் சரிபார்க்கலாம். வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளரின் கணக்கு வழியாக உங்களுக்குப் பங்கு வாங்கித் தருவதாக எவர் சொன்னாலும் அது பொய். உள்நாட்டில் வசிப்பவருக்கு அந்த வழியே கிடையாது என்று செபி 2024லேயே அறிவித்துவிட்டது. சொந்தப் பணத்தை எடுக்க முன்பணம் கேட்கும் எந்த நிறுவனமும் முறையானதன்று.

சிறுதொகை திரும்பி வந்ததைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அது தூண்டிலில் கோத்த புழு. ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று எவரேனும் சொன்னால், அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லுங்கள். பணம் போய்விட்டதென்று உணர்ந்தால் அழுவதற்கும் தன்னை நொந்துகொள்வதற்கும் பின்னர் நேரமிருக்கும். முதலில் 1930, அடுத்து உங்கள் வங்கி, பிறகு தேசிய இணையக் குற்றப் புகார்த் தளம். பரிமாற்ற எண்களும் உரையாடல்களும் சான்று. நாணத்தால் அவற்றை அழித்துவிடாதீர்கள்.

8

நிறுவனங்களாக நாம் செய்யவேண்டியவை தனி. ஒவ்வொரு வளாகத்திலும், இழந்தவர் பெயர் வெளியே தெரியாமல் அதே மணி நேரத்தில் புகார் பதிவு செய்ய உதவும் ஒருவர் நியமிக்கப்படவேண்டும்; இது ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும் கேட்கும் செலவுதான். ஆய்வு உதவித்தொகை உரிய நாளில் வரவேண்டும்; அதுவும் மோசடித் தடுப்பு நடவடிக்கையே. சட்டத்துறையும் பொருளியல் துறையும் ஊடகவியல் துறையும், விளம்பரக் கட்டணம் பெறும் தளங்களின் பொறுப்பு குறித்தும், ஏமாற்றப்பட்டவருக்கு இழப்பீடு குறித்தும், இந்தியச் சூழலுக்கேற்ற வரைவுகளை முன்வைக்கவேண்டும். பழமொழி சொல்ல நாட்டில் ஆள் நிறைய உண்டு. இதைச் செய்யப் பல்கலைக்கழகம்தான் உண்டு.

அடுத்த கருத்தரங்கில் அந்த வாக்கியம் மேடையிலிருந்து வந்தால், எழுந்து நின்று மரியாதையுடன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த விளம்பரத்துக்குக் கட்டணம் வாங்கியவர் யார்? இந்தப் பணம் சென்ற கணக்கைத் திறந்து கொடுத்த வங்கி எது? இந்த அரங்கில் இப்போது ஒருவர் பணத்தை இழந்துகொண்டிருந்தால், அவர் இன்று யாரிடம் போய்ச் சொல்வது? மூன்றாவது கேள்விக்கு அரங்கிலேயே விடை கிடைக்காமல் கூட்டத்தைக் கலைய விடாதீர்கள்.